எல்லா வீட்டிலும் ஒரே குரல்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்றார்கள். பென்ஷன் வாங்கிக்கொண்டு போகும் பெரியவர்கள் செய்கிற வேலை இது. எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. ஓரிடத்தில் உட்கார முடியாத குணம், படிக்க இன்னும் எவ்வளவோ கிடக்கிறது, போகிறேன். ஆகவே இதை அறிவுரை என்று நினைக்க வேண்டாம். நீங்கள் கையை விடப்போகும் பொந்துக்குள் உங்களுக்கு முன்னால் கைவிட்டுப் பார்த்த ஒருத்தி, உள்ளே என்ன தட்டுப்பட்டது என்று சொல்கிறாள். அவ்வளவுதான்.

நம் வேலை என்ன என்பது புந்தோங்கில் என் வீட்டுப் பக்கம் யாருக்கும் புரிந்ததில்லை. "கவர்மெண்டு ஒரு திட்டம் போடும்லா, அது நல்லா நடக்குதான்னு இவ போய்ப் பாப்பா," என்று என் அண்ணன் விளக்குவான்.

"பாத்துட்டு?"

"எழுதுவா."

"எழுதிட்டு?"

அங்கே அவன் நின்றுவிடுவான். அந்த மூன்றாவது கேள்வியில் நாமும் பல நாள் நின்றிருக்கிறோம். திட்டத்தைப் பார்ப்பது கஷ்டமில்லை. எழுதுவதும் கஷ்டமில்லை. எழுதியபின் யாருக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டே எழுதுவதுதான் கஷ்டம். அதை எனக்குக் காட்டியது ஒரு தெரு.

எண்பதுகளின் தொடக்கம். லகாட் ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. வேலை போனவர்களுக்கு லயத்து வீடும், அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீடும், போகும். தோட்டத்தில் அதுதானே சட்டம், வேலை இருக்கும்வரைதான் கூரை. அவர்களுக்காக அரசு ஒரு தெரு முழுக்கச் சிறு வீடுகள் கட்டிக் கொடுத்தது. ஈயம் அலசிப் போட்ட வெள்ளை மணல் நிலம். புல்கூட யோசித்து யோசித்துத்தான் முளைக்கும். பக்கத்திலேயே ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய பழைய ஈயக்குட்டை, பச்சைத் தண்ணீர், ஆழம் யாருக்கும் தெரியாது.

ஒரு நிபந்தனை உண்டு. வீடு பெற்றவர்கள் அதில் குடியிருக்க வேண்டும். தெருவில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தால் தெரு முழுவதும் திரும்பப் பெறப்பட்டு வேறு திட்டத்துக்குப் போய்விடும். குடியிருக்கிறார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யாரோ ஒரு புத்திசாலி சொன்னார்: மின்சார மீட்டரைப் பாருங்கள். ஓடினால் ஆள் இருக்கிறது.

மீட்டர்கள் ஓடின. எல்லாமே ஓடின. திட்டம் வெற்றி, இதே மாதிரி சுங்கை சிப்புட் பக்கம் இன்னொன்று கட்டலாம் என்று மேலே முடிவெடுக்கக் காத்திருந்தார்கள். நாங்கள் ஒரு மதிப்பீடு எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வெறும் சடங்கு.

எனக்கு ஒன்று உறுத்தியது. எட்டுப் பிள்ளைகள் உள்ள வீடும் கிழவனும் கிழவியும் மட்டும் உள்ள வீடும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம் செலவழித்தன. மனிதர்கள் அப்படி வாழ மாட்டார்கள். ஒரு வீட்டில் காய்ச்சல், ஒரு வீட்டில் கல்யாணம், ஒரு வீட்டில் குடிகாரன் விளக்கை அணைக்காமல் தூங்கிப்போவான். கணக்கு மேடு பள்ளமாகத்தான் வரும். வழவழவென்று வந்தால் சந்தேகப்படுங்கள். நான் வண்டி கேட்டேன்.

வண்டி ஓட்டியவர் காசிம் அண்ணன். அவருக்கு அந்தத் தெருவைப் பற்றி முன்பே தெரியும்.

"அங்க எதுக்கு? குட்டையில பேய் இருக்குதாம். ஜனங்க பயப்படுறாங்கன்னு முன்ன வந்த அதிகாரி எழுதிட்டுப் போனாரு. அதுக்காகக் குட்டையச் சுத்தி வேலி போட்டிருக்காங்க."

"பேய்க்கு வேலியா?"

"கவர்மெண்டு வேலி. பேய் தாண்டுனா ஃபைன் போடுவாங்க போல."

சிரித்துக்கொண்டேதான் போனோம். தெருமுனையில் வண்டி நின்றபோது உச்சி வெயில். மணல் கண்ணைக் கூசவைத்தது. இறங்கினேன். எல்லா வீட்டிலிருந்தும் ரேடியோ சத்தம் வந்துகொண்டிருந்தது. ஆள் இருக்கிறது, பிறகென்ன என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. காசிம் அண்ணன் சிகரெட்டைப் பற்றவைத்து, "நீ போய்ட்டு வா. நான் வண்டிக்குத் துணையா இருக்கேன்," என்றார்.

நேயர் விருப்பம் போய்க்கொண்டிருந்தது. பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் சொந்தக்காரர்களின் பெயர்களை வரிசையாகப் படிப்பாரே, அது. முதல் வீட்டைக் கடந்தபோது "அன்பு அம்மா" என்றார். அடுத்த வீட்டில் "அப்பா". அதற்கடுத்ததில் "பெரியம்மா". நான் நடக்க நடக்க அந்தக் குரலும் என் கூடவே நடந்தது. நின்றால் நின்றது போலிருந்தது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மூச்சில் ஒரே ஆள். வேறெந்த நிலையத்துக்கும் யாரும் திருப்பி வைத்திருக்கவில்லை. யாரும் சத்தத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

வாசல்களில் செருப்புகள் இருந்தன. வீட்டுக்கு வீடு ஜோடி ஜோடியாக, ஒழுங்காக. குனிந்து பார்த்தேன். மேல்பக்கம் வெயிலில் வெளுத்திருந்தது. ஒன்றின் வாருக்குள் சிலந்தி வலை கட்டியிருந்தது. கொடியில் காய்ந்த சட்டையைத் தொட்டேன், அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. உள்ளே காற்றாடி சுற்ற, ஜன்னல் திரை அசைந்தது. கதவைத் தட்டினேன்.

"யாருங்க உள்ள?"

"சித்தப்பா, சித்தி, மற்றும் குடும்பத்தார்," என்றது உள்ளிருந்து ரேடியோ.

வெயிலில் உடம்பு குளிர்ந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு அன்று வந்தது. திரும்பிப் போய்விடலாம் என்று கால் சொன்னது. அந்த நேரத்தில் மின்சாரம் நின்றது.

பாட்டு பாதிச் சொல்லில் அறுந்தது. தெரு முழுக்க ஒரே வெட்டில். திரைகள் மெல்ல அசைவு நின்று தொங்கின.

நான் புந்தோங்கில் பிறந்தவள். கரண்ட் போனால் என்ன நடக்கும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டாம். ஒரு நிமிஷத்துக்குள் தெருவே வாசலுக்கு வந்துவிடும். "யக்கா, ஒங்க வீட்லயும் போயிருச்சா?" "எல்லாத்துக்கும் போச்சுலா!" "அப்பாடா, நம்ம வீட்ட மட்டும் வெட்டிட்டானோன்னு பயந்துட்டேன்." பிறகு கொஞ்சம் ஊர்வம்பு, கொஞ்சம் விசிறி, வந்ததும் ஒரு கைதட்டல். மனிதர் வாழும் தெருவென்றால் அது நடந்தே தீரும்.

நான் காத்திருந்தேன். ஒரு கதவும் திறக்கவில்லை. குட்டைப் பக்கமிருந்து ஒரு தவளைகூடக் கத்தவில்லை. தெருமுனையில் காசிம் அண்ணன் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றுவது தெரிந்தது.

அப்புறம் கடைசி வீட்டுக் கதவு திறந்தது. நடுவயதுப் பெண் ஒருவர் வெளியே வந்து, பழக்கத்தில் பக்கத்து வீட்டைப் பார்த்து வாயைத் திறந்து, என்னைக் கண்டதும் மூடிக்கொண்டார். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி.

அவர் பெயரைப் பார்வதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பெரிய தெருவில் உண்மையில் குடியிருந்தது அவர் ஒருவர்தான். காலையில் எழுந்து ஒவ்வொரு வீடாகத் திறந்து ரேடியோவையும் காற்றாடியையும் போடுவார். இருட்டினால் விளக்கு. படுக்கப் போகுமுன் எல்லாவற்றையும் அணைப்பார்.

"எல்லாரும் எங்கக்கா?"

"குட்டையில பேய் இருக்கு. பயந்துட்டுப் போய்ட்டாங்க." மனப்பாடமாகச் சொன்னார்.

"நீங்க பயப்படலியா?"

"அதுக்கு என்னயப் பழகிருச்சு."

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். சிரித்த பிறகு பொய்யைத் தொடர்வது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். மெதுவாகக் கொட்டினார். மற்றவர்கள் எல்லாரும் இன்னும் இடிக்காமல் கிடக்கும் பழைய லயத்திலேயே இருக்கிறார்கள். விடிவதற்கு முன் காண்ட்ராக்டர் லோரி அங்கே வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு வேறொரு தோட்டத்துக்குப் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, கொண்டுபோகிறது. இங்கே அந்த லோரி வராது, அந்த நேரத்துக்குப் பஸ்ஸும் கிடையாது. இங்கே வந்தால் கூரை உண்டு, சோறு இல்லை.

"இதை ஏன் முன்ன வந்தவர்கிட்ட சொல்லல?"

"வீட்ட, வேல போனவங்களுக்குத்தானே குடுத்தாங்க? வேல செய்யிறோம்னு சொன்னா வீட்டப் புடுங்கிக்குவாங்க. பேய்னு சொன்னா சிரிச்சிட்டு எழுதிக்குவாங்க." கொஞ்சம் யோசித்துச் சேர்த்தார்: "அதுக்காகக் குட்டையில ஒண்ணுமே இல்லன்னு நான் சொல்லலை, தங்கச்சி."

இளையவர்களே, இங்கே நிறுத்தி ஒன்று கேட்கிறேன். பேய்க்கதையை யார் நம்பினார்கள்? தோட்டத்து ஜனங்கள் நம்பவில்லை. நம்முடைய அலுவலகம் நம்பியது, காசு செலவழித்து வேலியும் போட்டது. படிக்காதவர்கள் என்றால் பயப்படுவார்கள் என்ற எண்ணம் நம்மிடம் தயாராக இருந்தது. அதற்குப் பொருந்தும் பதிலை அவர்கள் தந்தார்கள். மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. நீங்கள் எதிர்பார்த்துப் போன பதிலே கிடைத்தால் இன்னொரு நாள் தங்குங்கள்.

பார்வதிக்கு மட்டும் பழைய லயம் இல்லை. கணவர் பேரில் இருந்த வீடு, அவர் இறந்ததும் போயிற்று. அங்கே அவருக்கு ஒதுங்க ஒரு கூரையும் கிடையாது. தெரு காலி என்று தெரிந்தால் எல்லார் வீடும் போகும். மற்றவர்கள் லயத்தில் இருப்பார்கள், இவர் ஒருவர்தான் நடுத்தெருவில் நிற்பார். திட்டம் சொன்னபடி நடந்துகொண்ட ஒரே ஆளுக்குத்தான் தண்டனை.

"எழுதப் போறியா?"

"எழுதணும்க்கா."

"எழுது. வீடு போகாதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு எழுது."

என்னால் சொல்ல முடியவில்லை. அந்த வாக்கு என் கையில் இல்லை. இல்லாததைக் கொடுத்து அவர் வாயிலிருந்து இன்னும் நாலு விஷயம் வாங்கியிருக்கலாம்; அது திருட்டு. நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

"அப்ப எதுக்கு வந்தே?" என்றார். கோபமாகக்கூட இல்லை. மின்சாரம் வந்தது. எல்லா வீட்டுக்குள்ளும் அறிவிப்பாளர் நன்றி வணக்கம் சொன்னார்.

அலுவலகத்துக்குத் திரும்பினால் எங்கள் தலைவர் கதவருகிலேயே நின்றார். எனக்கு அவர் 'என்சிக்', ஐயா; அவருக்கு நான் 'ஆடிக்', தங்கச்சி. நல்ல மனிதர், கெட்ட அவசரத்தில் இருந்தார். கூட்டம் அந்த வாரமே.

"என்ன ஆடிக்? திட்டம் வேலை செய்யுதா, செய்யலையா?"

"யாரும் அங்க இல்லை, என்சிக்."

"அப்ப தோல்வி."

"தோல்வின்னு எழுதினா அங்க இருக்கிற ஒரே ஆள் வீட்டை இழப்பாங்க."

"அப்ப வெற்றின்னு எழுது. மீட்டர் ஓடுதே."

"வெற்றின்னு எழுதினா, ஜனங்க குடிபோயாச்சுன்னு பழைய லயத்தை இடிச்சிருவாங்க. சுங்கை சிப்புட்லயும் இதே மாதிரி இன்னொரு காலித் தெரு கட்டுவோம்."

அவர் தலையைச் சொறிந்தார். "ஆமான்னும் இல்லை, இல்லைன்னும் இல்லை. உன்னைப் பரீட்சையில பாஸ் போட்டது யாரு?"

"கேள்விதான் சரியில்லை, என்சிக்."

"கேள்வியை மேலே இருக்கிறவங்க கேட்டாங்க!"

இந்த வாக்கியத்தை உங்களுக்கும் யாராவது ஒருநாள் சொல்வார். பயப்படாதீர்கள். கேட்டவருக்கு உண்மையில் தேவைப்படுவது தான் எடுக்கப்போகும் முடிவுக்கு வெளிச்சம்தான். ஆள் இருக்கிறதா என்று கேட்டார்கள். அந்த வீடு அவர்கள் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்று நான் பார்த்தேன். வீடே இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? காண்ட்ராக்டர் ஒரு நாள் வா, ஒரு நாள் போ என்றாலும் அவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பார்கள். இப்போதோ, லயத்தை விட்டுத் துரத்தினாலும் போக ஓர் இடம் இருக்கிறது. சாவி பார்வதியிடம் இருக்கிறது. பூட்டிக் கிடந்த அந்த வீடு அப்போதும் ஒரு வேலை செய்துகொண்டிருந்தது, நம் மீட்டருக்கு அது தெரியவில்லை. இன்னொரு பக்கம், அதைச் சொல்லி மழுப்பவும் கூடாது: குடியிருக்கத்தான் கட்டினோம், யாரும் குடிவரவில்லை.

இரண்டையும் எழுதினேன். எந்த வீடு, யார் பெயர் என்று ஒன்றும் எழுதவில்லை. நாம் திட்டத்தை விசாரிக்கப் போனவர்கள், ஆட்களைப் பிடிக்கப் போனவர்கள் அல்ல. மேலே இருப்பவர்களுக்கு மூன்று வழி: தெருவைத் திரும்பப் பெறுவது, மீட்டரை நம்பி இன்னொன்று கட்டுவது, இருப்பதைத் திருத்துவது; ஒவ்வொன்றிலும் யார் எதை இழப்பார் என்று பக்கத்திலேயே வைத்தேன். நான் கேட்டது மூன்றாவது வழியை: லோரி தெருவுக்குள் வர ஏற்பாடு, அதுவரை லயத்தை இடிக்கக் கூடாது, வேலை இருப்பதைக் குற்றமாக்கும் விதியை எடுக்க வேண்டும், இங்கே பலித்தால்தான் சுங்கை சிப்புட். லோரி வந்தால் ஜனங்கள் வருவார்களா என்று எனக்குத் தெரியாது என்பதையும் அப்படியே எழுதினேன். தலைவர் அந்த வரியை அடிக்கப் போனார். நான் அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அடிக்கவில்லை.

கூட்டத்தில் திட்டினார்கள். ஒருவர், "வேலிக்கு என்ன சொல்றது?" என்று கேட்டார். ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள். வீடுகள் போகாது என்று எழுத்தில் வந்தது. நானே கொண்டுபோய்ப் பார்வதியிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "லோரி?" என்றார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து வரும்க்கா."

"பாப்போம்," என்றார்.

அந்தத் திங்கட்கிழமை விடியுமுன் நான் அங்கே இருந்தேன். போ என்று யாரும் சொல்லவில்லை; நீங்களும் யாரும் சொல்லாமலே போங்கள். குட்டையிலிருந்து பனி எழும்பி வேலிக்குள் அடங்காமல் தெருவில் படர்ந்திருந்தது. லோரி வந்து ஹாரன் அடித்தது. ஒரு வீடும் அசையவில்லை. மீண்டும் அடித்தது. ஓட்டுநர் தலையை நீட்டி, "யாரும் இல்லாத ஊருக்கு எவன்லா லோரி கேட்டது?" என்று கத்தினார். கேட்டவள் நான்தான். மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

கடைசி வீட்டுக் கதவு திறந்தது. பார்வதி தலையில் துண்டைக் கட்டி, பால்வாளியும் மரம் கீறும் உளியுமாக வந்தார்.

"மத்தவங்க வரலியாக்கா? சொன்னீங்களா?"

"சொல்லாம? எல்லார்கிட்டயும் சொன்னேன். வர மாட்டாங்க. இன்னிக்கு நான் போகணும். லோரி என்னய இங்கேயே திருப்பிக் கொண்டாந்து விடுதான்னு பாக்கணும்ல? பாதி வழியில எறக்கி விட்டவனுங்கள எத்தன பேர பாத்திருக்கோம்." ஏறி உட்கார்ந்தார். காலி லோரியில் ஒற்றை ஆள். பனி மூடிக்கொண்டது.

நான் அலுவலகம் போகவில்லை. காசிம் அண்ணன் முனகிக்கொண்டே வண்டியில் படுத்துக் கிடந்தார். அன்று எந்த வீட்டிலும் ரேடியோ போடப்படவில்லை. போட வேண்டியவர் வேலைக்குப் போயிருந்தார். அந்த முழு அமைதியில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது, இத்தனை நாள் நாம் இவர்களை அளந்தோம், இன்று இவர்கள் நம்மை அளக்கிறார்கள்.

பிற்பகல் சாய்கையில் லோரி வந்தது. தெருமுனையில் நிற்காமல் உள்ளே வந்து, கடைசி வீட்டின் முன்னால் நின்றது. பார்வதி இறங்கினார். அவருக்குப் பின்னால் லோரியில் இன்னும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஆண்களும் பெண்களும், உடம்பெல்லாம் பால் கறை. யாரும் இறங்கவில்லை. என்னைப் பார்த்து யாரும் தலையசைக்கவும் இல்லை. லயத்துக்குப் போகிற வழி இதுவல்ல. லயத்தில் முதலில் இறங்கிக்கொள்ளாமல், தங்கள் கண்ணால் பார்க்க வேண்டுமென்றே சுற்றி வந்திருக்கிறார்கள்.

பார்வதி வாளியைப் படியில் வைத்து, கதவைத் திறந்து உள்ளே போனார். விளக்கு எரிந்தது. அடுப்பில் பாத்திரம் ஏறும் சத்தம் கேட்டது.

லோரி என்ஜினை அணைக்காமல் அங்கேயே நின்றது. லோரியில் இருந்தவர்கள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.